கதவுள்ள அறை

கணவரின் செருப்புச் சத்தம் மூன்று மாடிகளையும் இறங்கித் தெருச் சத்தத்தோடு கலந்து மறையும்வரை குழல்வாய்மொழி அறை வாசலிலேயே நின்றாள். நின்றபடி கண்ணால் அளந்தாள். நேற்றும் அளந்ததுதான், முந்தாநாளும் அளந்ததுதான், ராத்திரியோடு ராத்திரியாக யாரும் சுவரைத் தள்ளி வைத்திருக்கப் போவதில்லை, ஆனாலும் பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி கண் போய்ப் போய் அளந்தது. பத்தடிக்கு ஒன்பதடி. சன்னல் சுவரை ஒட்டி மாமனாரின் இரும்புக் கட்டில், தலைமாட்டுப் பக்கம் பீரோ, கதவோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலங்கள், டெட்டால், பவுடர், கிழித்து மடித்த பழைய வேட்டித் துண்டுகள். மிஞ்சியது ஒரு பாய் விரிக்கிற இடம், அதுவும் பாயின் ஓரத்தை மடித்தால்தான். மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். காலை மாத்திரை போட்டால் பதினொரு மணிவரை தூங்குவார். அதற்குப் பிறகு கணவர் போன் செய்வார். ஊருக்கு வெளியே, ஏரிக்கரை தாண்டி, வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றைப் பார்த்துவரத்தான் அவர் போயிருக்கிறார். "சும்மா பாத்துட்டு வாரேன், பாக்கதுல என்ன இருக்கு" என்றார் காலையில், சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே. அவளும் அவர் முகத்தைப் பார்க்காமல் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா பார்ப்பதற்கு யாரும் இரண்டு பஸ் மாறிப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மகள் தாரிணிக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், அதுதான் முறை. இன்றைக்குச் செவ்வாய். நடுவில் நாலே நாள், அதற்குள் இந்த வீட்டின் ஒரே கதவு யாருக்கு என்று முடிவாக வேண்டும்.

கதவென்று எண்ணினால் மூன்று இருக்கிறது. வாசல் கதவு ஊருக்கு. குளியலறைக் கதவு அவசரத்துக்கு. ஒரு மனுஷி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சேலையைத் தளர்த்தி, பச்சை உடம்போடு பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திப் படுக்க இந்த ஒரு கதவுதான். கூடத்துக்குக் கதவு கிடையாது, கூடம் என்பது இடம்கூட இல்லை, அது ஒரு நேரம். ஐந்து மணிவரை அது அவளும் கணவரும் படுக்கிற இடம், ஆறு மணிக்குப் பாயைச் சுருட்டினால் கீரை ஆய்கிற இடம், ஏழு மணிக்குச் சுவரலமாரியைத் திறந்தால் சாமி இருக்கிற இடம், மழை பெய்தால் கொடி கட்டித் துணி காயப் போடுகிற இடம், நாலரை மணிக்கு டியூஷன் பிள்ளைகள் ஏழு பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்கிற இடம். ஒன்று எழுந்து போனால்தான் இன்னொன்று உட்காரும். குடிவந்த அன்றைக்கு மாமனார் நிலைப்படியில் நின்று முதுகுக்குப் பின்னால் தவிக்கிற சாமான்களையும் மனிதர்களையும் பார்த்து, "முன்னால நகருங்க, முன்னால நகருங்க, நடுவுல எடம் நெறைய கெடக்கு" என்று குரல் கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் தென்காசி பக்கத்து பஸ்ஸில் கண்டக்டராக இருந்த குரல். சுமை தூக்கி வந்த ஆட்கள்கூடச் சிரித்தார்கள். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் நூற்றிருபது பேரைக் குற்றாலச் சீசனுக்கு ஏற்றி இறக்கிய மனிதர், ஒருத்தரையும் இடமில்லை என்று ரோட்டில் விட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். இப்போது அந்த மனிதருக்கு இடமில்லை. இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, இடம் இருக்கிறது, கூடத்தில் கட்டிலைப் போடலாம், போட்டும் பார்த்தார்கள், போன சித்திரையில் அறைச் சுவரில் மின்சாரம் கசிந்தபோது இரண்டு நாள் அவரைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். டயப்பர் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் தயிருக்கு உறை கேட்டு உள்ளே வந்துவிட்டாள். வந்தவள் உடனே திரும்பிப் போய்விட்டாள், நல்ல பெண். மாமனார் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் போடப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அதை முகத்தில் போட்டுக்கொண்டார். அதை நினைக்கும்போதெல்லாம் முகத்தை மூடுவது என்பது யாருக்குச் செய்வது என்று எண்ணம் ஓடும், அவள் அதைப் பிடித்து நிறுத்துவாள்.

கதவில்லாமல் அவரால் ஆகாது. கதவில்லாமல் தாரிணியாலும் ஆகாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அவள் பல நாளாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எதை முதலில் சொன்னாலும் இரண்டாவது வந்து வழியை மறித்து நிற்கிறது. மருமகன் வீட்டில் மூன்று அறை இருக்கிறது. சம்பந்தி அம்மாள் போன மாதம் வந்திருந்தபோது இந்த அறை வாசலில் நின்று, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடாமல், அதற்காகவே அவளுக்குப் பெரிய மனது என்று சொல்ல வேண்டும், "சம்பிரதாயம் கெடக்கட்டுங்க, பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம், உங்களுக்கும் மாமனார் பாடு இருக்கே" என்றாள். நல்ல வார்த்தைதான். குழல்வாய்மொழிக்குச் சரி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் போன வருஷம், ஐந்தாம் மாதத்தில், அந்த மூன்று அறை வீட்டில் மருமகன் ஊரில் இல்லாத ஒரு ராத்திரி, ஓர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தபோதுதான் தாரிணிக்கு ரத்தம் போனது. கூப்பிட வெட்கப்பட்டு விடியும்வரை படுத்துக்கிடந்திருக்கிறாள். வெளியே அவளுடைய மாமனாரும் கொழுந்தனும் படுத்திருந்தார்களாம், எப்படிம்மா அவங்க முன்னாடி வெளியே வர்றது என்றாள் பிறகு, ஆஸ்பத்திரியில், சுவரைப் பார்த்து. பெயர் வைக்காத பிள்ளை. ஆணா பெண்ணா என்று குழல்வாய்மொழி கேட்கவில்லை, கேட்டால் அது ஒரு ஆளாகிவிடும் என்று பயந்தாள். இந்தத் தடவை மூன்றாம் மாதமே தாரிணி சொல்லிவிட்டாள். "அம்மா, நான் உங்கிட்டதான் இருப்பேன். பாத்ரூம் வாசல்ல பாய் போட்டாலும் சரி." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாய் போடலாம். குளியலறை வாசல் ஈரம், ஈரத்தில் கால் வழுக்கும், வழுக்கினால். அந்த எண்ணத்தையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. எத்தனை எண்ணத்தைத்தான் ஒருத்தி வாசலில் நிறுத்திவைப்பது, இரண்டு கைதான் இருக்கிறது.

மாமனார் கட்டிலை இப்படியே விட்டுவிட்டுத் தாரிணியையும் இதே அறையில் வைத்துக்கொண்டால் என்ன என்பது நேற்று ராத்திரி பாயில் படுத்திருந்தபோது வந்த யோசனை. நடுவில் ஒரு திரை. அறைக்கு நடுவே கூரையில், வீடு கட்டியவன் விட்டுவைத்த ஒரு கொக்கி இருக்கிறது. அதில் தூளி கட்டினால் கட்டிலில் இடிக்காமல் ஆடுமா. ஆடினால் போதும். ஆடினால் ஏரிக்கரை இல்லத்துக்கு வேலையில்லை, யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டாம். தன்னிடம் சொல்லாமலே காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள் என்று, அடுப்படி முக்காலியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அறைக்குள் வரும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. முக்காலி மேல் ஏறினாள். முக்காலி இலேசாக ஆடியது, அவளுக்கு ஐம்பத்தாறு வயது. தான் விழுந்து இடுப்பு ஒடிந்தால் இந்த வீட்டில் மூன்றாவது படுக்கைக்கு எங்கே போவார்கள். கொக்கியில் தூசி. கொடிக்கயிற்றை மாட்டி, துவைத்துத் துவைத்துப் பூவெல்லாம் வெளுத்துப்போன பருத்திச் சேலையை இரண்டாக மடித்துக் கட்டி, முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். இறங்கினாள். சேலை தொங்கியது, அவள் இடுப்பு உயரத்தில், வாயைத் திறந்துகொண்டு. இலேசாகத் தள்ளினாள். போய் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பிள்ளை அழும்போது யாரும் இலேசாக ஆட்டுவதில்லை, அந்த நேரத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்க்க வேண்டாமா. வீசி விட்டாள். சேலை எழும்பிப் போய், மாமனாரின் கால்மாட்டில் கட்டில் கம்பியைத் தொட்டுத் திரும்பியது. இடித்ததென்று சொல்ல முடியாது. தொட்டது. துணிதானே. துணிக்குள் பிள்ளை இருந்தால் அது துணியாக இருக்காது, தலையாக இருக்கும். கட்டிலை ஒரு சாண் தள்ள முடியுமா, முடியாது, சன்னல் சுவரோடு ஒட்டித்தான் கிடக்கிறது. கயிற்றை உயர்த்திக் கட்டினால் வீச்சு குறையுமே என்று இன்னொரு தடவை வீசினாள், அதற்கும் மேல் இன்னொன்று, எண்ணிக்கொண்டே, கணக்குச் செய்துகொண்டே, கொக்கி கிறீச்சிட்டது. வெறுந்தூளி. வெறுந்தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

பாய்ந்து பிடித்தாள். இரண்டு கையாலும் சேலையை நெஞ்சோடு அணைத்து நிறுத்தினாள். எத்தனை தடவை ஆட்டினோம். ஐந்தா, ஆறா. வெறுந்தூளியை ஆட்டாதே, பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று அவள் அம்மா அடிக்க வருவாள், சின்ன வயதில் தம்பியின் தூளியில் ஒரு நாள் கைபோட்டதற்கே. பிறந்த பிள்ளைக்கு வயிற்றுவலி. பிறக்காத பிள்ளைக்கு? அதை யாரும் சொன்னதில்லை. யாரும் சொல்லாமல் விட்டது எதனால், அப்படி ஒருத்தி ஆட்டுவாள் என்று யாருக்கும் தோன்றாததனால். பிள்ளை பிறக்குமுன் ஒரு சட்டைத்துணிகூட வாங்கிவைக்க மாட்டார்கள், அவள் தூளியே கட்டி ஆட்டிவிட்டாள், அதுவும் போன வருஷம் ஒன்று போன வயிற்றுக்கு. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். டியூஷன் பிள்ளைகளிடம் பூனை குறுக்கே போனால் பூனைக்கு எங்கேயோ வேலை இருக்கிறது என்று அர்த்தம் என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறவள். சிரிப்பை நினைத்துப் பார்த்தாள், அது உதவிக்கு வரவில்லை. ஏதாவது ஒன்றைத் தூளிக்குள் போட வேண்டும் என்று தோன்றியது, போட்டுவிட்டால் ஆட்டினது வெறுந்தூளி ஆகாது, முன்தேதி போட்டுக் கையெழுத்து வாங்குகிற மாதிரி. அந்தக் காலத்தில் அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி முதலில் போடுவார்கள். அம்மிக்கு இந்த வீட்டில் ஏது இடம். கையெட்டிய தூரத்தில் டயப்பர் பொட்டலம்தான் இருந்தது. அதைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். கிழவருடையதைப் போட்டு, பிள்ளையுடையதில். அப்போதுதான் அது வந்தது, இத்தனை நாள் வாசலில் நிறுத்திவைத்திருந்தது, கேட்காமல், கதவைத் தட்டாமல், வீட்டு மனுஷரைப் போல உள்ளே வந்தது. மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள். அதற்கு மேல் அவள் விடவில்லை. வினைச்சொல்லை விடவில்லை. தமிழில் வினை கடைசியில்தான் வரும், அதனால் ஒருத்தி பாதி வழியில் நிறுத்திக்கொண்டு, நான் ஒன்றும் நினைக்கவில்லையே என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் கட்டிலில் அசைவே இல்லை. கம்பியில் தூளி பட்டும் அசையவில்லை, கொக்கி கிறீச்சிட்டும் அசையவில்லை. முதுகைப் பார்த்தாள். பனியனில் ஒரு மடிப்பு, மூச்சு விட்டால் அது ஏறி இறங்க வேண்டும். ஏறியதா. சன்னல் வெயில் பனியன் மேல் அடித்துக்கொண்டிருந்தது, வெயில் ஆடுகிறதா மடிப்பு ஆடுகிறதா தெரியவில்லை. நினைப்புக்கு அவ்வளவு கை நீளமா. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லையே நினைத்து. அப்படியென்றால் தூளியை ஆட்டினாள், இவரை அனுப்பினாள், ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குத் தீர்ந்து பிள்ளை தப்பித்துக்கொள்ளுமா, சீ, என்ன நெஞ்சு இது, இது நெஞ்சா. செத்த வீட்டுக்குப் புள்ளத்தாச்சியைக் கூட்டிவர முடியாதே என்று அதற்குள் இன்னொரு மூலையில் ஓர் எண்ணம் நாள் எண்ணிக்கொண்டிருந்தது, பதினாறு நாள், வளைகாப்பைத் தள்ளிவைத்தால் ஒன்பதாம் மாதம். அவள் கட்டிலின் தலைப்பக்கம் போய்க் குனிந்தாள். புறங்கையை அவர் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சன்னல் காற்றில் எது மூச்சு எது காற்று என்று பிரிக்க முடியவில்லை.

"என்ன தாயி, இருக்கேனான்னு பாக்கியா?"

கண் மூடியபடியேதான் இருந்தது. உதடு மட்டும்தான் அசைந்தது.

"இல்ல மாமா. கொசு."

"பகல்ல ஏது கொசு." மூக்கைச் சுளித்து, "இருந்தா அடி. மெல்ல அடி. மூக்கு ஒண்ணுதான் இன்னும் ஒழுங்கா வேல செய்யுது" என்றார்.

அவள் சிரித்தாள். சிரித்தது தனக்கே கேட்டது, வேறு யாரோ அடுத்த வீட்டில் சிரிக்கிற மாதிரி. அவர் உடம்பைத் திருப்ப முயன்றார், அவள் தோளுக்கடியில் கை கொடுத்துத் திருப்பிவிட்டாள், திருப்பிய பிறகுதான் தூளி இன்னும் தொங்கிக்கொண்டிருப்பது நினைவு வந்தது. அவர் கண் நேராக அங்கேதான் போனது. கொக்கிக்குப் போய், கயிற்றில் இறங்கி, முடிச்சில் நின்று, சேலையின் வாயில் வந்து நின்றது.

"அது என்னது? சேல காயப் போட்டிருக்கியா?"

"ஆமா மாமா."

"வெளிய மழையோ?"

"தூறுது."

அவர் தலையணையில் வெயில் கிடந்தது. அவர் மூக்கில்கூடக் கொஞ்சம் வெயில் இருந்தது. "ம்" என்றார்.

கஞ்சி கலக்கும்போதும் பயம் நிற்கவில்லை, அது இடத்தை மாற்றிக்கொண்டது. முதலில் தூளியைப் பற்றியது. தாரிணிக்கு இப்போதே போன் செய்து அசைவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும், ஆனால் அம்மா ஏன் கேட்கிறாள் என்று அவள் பயப்படுவாள், பயம் பிள்ளைக்கு ஆகாது, அதனால் கேட்கக் கூடாது. பிறகு மாமனாரின் கண்ணைப் பற்றியது. எவ்வளவு நேரமாக விழித்திருந்தார். பிறகு வரப்போகிற போனைப் பற்றியது. இல்லத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று, அதே அளவுக்கு, ஒரு குன்றிமணி கூடக் குறையாமல், பயந்தாள். ஆறு மாதத்துக்குத்தான் என்று கணவரும் அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து இங்கே வந்து படுக்க அவர் இருக்க வேண்டுமே, எண்பத்து நாலு வயது, அந்த வயதில் ஆறு மாதம் என்பது மாதக்கணக்கு அல்ல. கஞ்சியை அறைக்குக் கொண்டுபோய், முடிச்சைப் பார்க்காமல், சேலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊட்டினாள். அவர் எட்டு வாய் சாப்பிட்டார். ஒன்பதாவதுக்கு வாயை மூடிக்கொண்டார். "போதும், வண்டி ஃபுல்லு" என்றார். வாயைத் துடைத்துவிட்டு வந்து கூடத்தில் நின்றபோது போன் அடித்தது.

"குழலி, நாந்தான். பாத்துட்டேன். சுத்தமாத்தான் வச்சிருக்காங்க. ஒரே ஒரு பெட்டு காலியா இருக்காம், நேத்துதான் காலியாச்சாம்."

எப்படிக் காலியாச்சு என்று அவள் கேட்கவில்லை. 

"சாயந்திரத்துக்குள்ள சொல்லணுங்காங்க. நீ என்ன சொல்லுத?"

"நான் என்ன சொல்ல."

"இல்ல, நீதான பாத்துக்கிடுத. எல்லாம் உன் கையாலதான நடக்கு. நீ சரின்னு சொன்னா சரி."

 அந்த வாக்கியம் வருகிற வருஷங்களில் எப்படியெல்லாம் திரும்பும் என்று தெரிந்தது, கல்யாண வீடுகளில், சாவு வீடுகளில், ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு நாத்தனார் வாயிலும், மருமகதான் அனுப்பினாளாம், மக பிரசவத்துக்காக. அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை, பாவம், அவருக்கும் பயம், அப்பாவின் முகத்துக்கு நேரே அவர் ஒரு நாளும் எதையும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் இவள் வழியாகத்தான். டயப்பர் வேண்டும் என்பதைக்கூட.

"உங்க அப்பாட்ட நீங்களே கேளுங்க" என்றாள்.

"போன்லயா? அவர்ட்ட என்னத்தன்னு கேக்க?"

"முழிச்சுதான் இருக்காரு. தாரேன்."

"ஏளா, பொறு, பொறு." அவள் பொறுக்கவில்லை. நடந்தாள். நடக்கும்போது போனுக்குள் பஸ் ஹாரனும் அவர் மூச்சும் கேட்டன, தன் உள்ளங்கையில் ஓர் ஆள் நடுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். போனை மாமனாரின் காதோடு வைத்துப் பிடித்தாள். "உங்க மகன் பேசுதாரு மாமா."

"ஏலே, சாப்ட்டியா?" என்றார் அவர். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே குரல் கொசுவைப் போல இரைந்து, நின்று, மறுபடி இரைந்தது. "என்ன எடம்?" என்றார். "ம்" என்றார். "ஒரு ரூமுக்கு எத்தன பேரு?"  அவளுக்குக் கை வலித்தது, மாற்றிப் பிடிக்கப் பயமாக இருந்தது. "சரில" என்றார் மாமனார். "சரி, சரி. அதுக்கு ஏன் இம்புட்டு இழுக்க. வெயில் ஏறுது, ஏதாவது சாப்ட்டுட்டு வா."

அவள் போனை எடுத்துக்கொண்டாள். அது அணைந்திருந்தது.

"தாரிணி என்னைக்கி வாரா?"

"ஞாயித்துக்கெழம மாமா."

"அப்பம் சனிக்கெழமைக்கு முந்தி என்னையக் கொண்டு விட்டுருங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "புள்ளத்தாச்சி பாத்துக்கிட்டு இருக்கையில, ஒரு ஆளத் தூக்கிட்டுப் படியெறங்கக் கூடாது."

"ஆறு மாசத்துக்குத்தான் மாமா."

"ஆமா" என்றார் அவர். "ஆறு மாசத்துக்குத்தான்."

அவர் கோபமாக இருந்திருக்கலாம். ஒரு வார்த்தை வைதிருக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு அவள் கரையேறியிருப்பாள். அவர் கண்ணை மூடவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குள் பல நாளாக முழங்காலைக் கட்டிக்கொண்டு இடுக்கி உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு நிம்மதி மெல்ல, மிகவும் மெல்ல, காலை நீட்டிக்கொள்வது தெரிந்தது. நீட்டாதே என்றாள். அது நீட்டிக்கொண்டது. இப்போது அவர் முன்னால் நீட்டாதே என்று கெஞ்சினாள். தன் முகத்தில் அது தெரிந்துவிடும் என்று பயந்து எங்காவது விலகி நிற்கப் பார்த்தாள், வெளியே போகிற வழியை மறித்துத் தூளி தொங்கியது. கட்டிலின் தலைப்பக்கத்துக்கும் பீரோவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. அங்கே நின்றால் யாருடைய முகமும் அவர் முகத்துக்கு நேராகத்தான் இருக்கும்.